தயிர் என்று எழுதியிருந்தால் அது தயிர் இல்லை: ஜெர்மனிச் சமையலறைக் கேள்விகள்

டார்ட்மண்டில் 19 வருடமாகச் சமைக்கிறேன். ஊர்ச் சாமான் கிடைக்காதபோது என்ன செய்வது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளில் பாதி தயிரைப் பற்றி. சரி, வந்த வரிசையிலேயே போகிறேன்.

அக்கா, தோட்டக் கடையில் ‘கறிக்ரவுட்’ என்று ஒரு செடி விற்கிறார்கள். கிட்டே போனாலே கறி வாசம். கறிவேப்பிலைக்குப் பதிலாக வாங்கலாமா? (மாணவர், ஆகன்)

வேண்டாம் தம்பி. நானும் முதல் வருடம் ஏமாந்தேன். அது மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. சாம்பல் நிறத்தில் ஊசி ஊசியாக இலை, மஞ்சள் பூ, சாமந்திக் குடும்பம். நம் கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். அந்தச் செடியில் வருவது மசாலாப் பொடி வாசம், எண்ணெயில் போட்டால் கசப்புத்தான் மிஞ்சும்.

கறிவேப்பிலைக்குப் பதில் எதுவும் கிடையாது. பிரிஞ்சி இலை போடு என்பவர்களை நம்பாதே. தமிழ்க் கடைக்குப் போகும்போது நிறைய வாங்கி, கழுவி, ஈரம் போகத் துடைத்து, உருவி, டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வை. உறைந்தபடியே எண்ணெயில் போடு, வெளியே எடுத்து இளக விட்டால் கறுத்துவிடும். அதுவும் இல்லையா, இல்லாமலே தாளி. காய்ந்த இலைப் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்காதே, வைக்கோல்.

ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தால் என்ன? (பிராங்க்பர்ட்)

பறிமுதல் ஆகும். 2019 டிசம்பர் 14 முதல், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் பச்சை இலை, காய், பழம் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியான் என்ற ஐந்து பழங்களுக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையில் ஒட்டி வரும் ஒரு பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோயைக் கொண்டுவரும் என்பதால் அவர்கள் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அம்மா கட்டிக்கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் பால் பொருள் கணக்கில் சேரும், அதற்கும் தடைதான்.

‘குவார்க்’ என்றால் தயிர்தானே? அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. (மூனிக்)

அகராதி எழுதியவர் மோர்க்குழம்பு வைத்ததில்லை. குவார்க் என்பது பாலைத் திரித்துத் தண்ணீரை வடித்த பச்சைப் பாலாடைக்கட்டி. சோற்றில் பிசைந்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும், குழம்பில் போட்டால் திரிந்து மணல் மணலாக நிற்கும். தயிருக்கு ‘யோகுர்ட்’, கொழுப்பு 3.5 சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். துருக்கிக் கடையில் வாளியில் விற்கும் 10 சதவீதத் தயிரைத் தண்ணீர் விட்டுக் கடைந்தால் நல்ல மோர். அகராதியை வைத்துக்கொண்டு மளிகை வாங்காதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

நாங்கள் இருப்பது கிராமம். ஆசியக் கடை 40 கிலோமீட்டர். புளி தீர்ந்துவிட்டால் வத்தக்குழம்புக்கு என்ன செய்வது? (ஸ்டுட்கார்ட் பக்கம்)

எனக்குப் பிடித்த கேள்வி. புளி வெறும் புளிப்பு மட்டும் தருவதில்லை. நிறம், கெட்டித்தன்மை, அடியில் ஒரு மெல்லிய இனிப்பு எல்லாம் அதிலிருந்து வருகிறது. எலுமிச்சையில் புளிப்பு மட்டும்தான், கொதிக்க விட்டால் வாசமும் போய்விடும். ரசத்துக்கு அடுப்பை அணைத்தபின் பிழியலாம், குழம்புக்கு ஆகாது. தக்காளி என்றால் எண்ணெய் பிரியும்வரை சுண்ட வதக்க வேண்டும். துருக்கிக் கடையில் ‘நார் எக்ஷிசி’ என்று மாதுளைச் சாற்றைக் காய்ச்சிய கறுப்புப் பாகு கிடைக்கும். பெயரோடு ‘சோஸ்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் சர்க்கரைப் பாகு, வைத்துவிடுங்கள். சுத்தமானது ஒரு ஸ்பூன் போதும்.

இதையெல்லாம்விட நான் சொல்வது ருபார்ப், இங்கே விற்கும் புளிப்பான தண்டு. ஏப்ரலில் வந்துவிடும். இரண்டு தண்டை நறுக்கி அரை டம்ளர் தண்ணீரில் வேகவைத்தால் தானே குழையும். மசித்து, புளிக்கரைசல் விடும் இடத்தில் விடுங்கள். நிறத்துக்கு வெந்தயத்தைக் கொஞ்சம் கூட வறுத்துப் பொடியுங்கள். இலையைத் தொடாதீர்கள், விஷம். தண்டிலும் ஆக்சாலிக் அமிலம் உண்டு, சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

வத்தக்குழம்பில் ருபார்பா? எங்கள் தஞ்சாவூரில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அதற்கு வத்தக்குழம்பு என்று பெயர் வைக்காதீர்கள். (ஒஸ்னாப்ரூக்)

சுண்டைக்காய் வத்தல் போட்டால் வத்தக்குழம்புதான் அம்மா. பெயர் வத்தலுக்கு வந்தது, புளிக்கு இல்லை.

அக்கா, நான் யாழ்ப்பாணம். மீன்குழம்புக்குப் பழப்புளிதான் வேணும். ருபார்ப் எல்லாம் கேக்குக்குப் போடுறது. (ஹம்)

மீனுக்கு நான் சொல்லவே இல்லையே தம்பி! உங்கள் ஊரில் தமிழ்க் கடையும் இருக்கிறது, உங்களுக்கு என்ன கவலை.

மாங்காய் போட்டு மீன்குழம்பு வைக்கிறோமே, அது மட்டும் குழம்பா? மிளகாயே வெளிநாட்டுச் சரக்குதானே? (பெர்லின்)

மாங்காய் நல்ல வாதம். மிளகாயை மட்டும் விட்டுவிடுங்கள், எந்தச் சமையல் சண்டையிலும் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

வெளியூரில் பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் குழம்பு என்று நம்பிவிடுவார்கள். அதுதான் என் வருத்தம். (ஒஸ்னாப்ரூக், மறுபடியும்)

வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். போன மே மாதம் மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். சொல்லாமல் ருபார்ப் குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “புதுப்புளியா? நிறம் ஏறலையே” என்று மட்டும் கேட்டார். புதுப்புளி வெளிறித்தான் இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். இரண்டாவது கரண்டியும் கேட்டு வாங்கினார்.

சூப்பர் மார்க்கெட் எள் எண்ணெய் நல்லெண்ணெய்தானா? (கொலோன்)

கறுப்பாக இருந்தால் வறுத்த எள்ளில் எடுத்தது. சீனச் சமையலில் கடைசியில் ஒரு சொட்டு விடுவார்கள், அதில் தாளித்தால் வீடே புகையும். இயற்கைப் பொருள் கடையில் வெளிர் மஞ்சளாக, வறுக்காத எள்ளில் செக்கில் ஆட்டியது கிடைக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பாருங்கள்.

குவார்க்கில் தயிர்சாதம் செய்யலாமா? (ஹனோவர்)

மேலே பாருங்கள்.

உப்புமா களியாகிறது. (ப்ரேமன்)

‘வைஷ்வைட்சன்’, அதாவது மென்கோதுமை ரவை வாங்கியிருப்பீர்கள், அது பாலில் கஞ்சி காய்ச்ச. ‘ஹார்ட்வைட்சன்’, கடினக் கோதுமை என்று போட்டதை வாங்கி வறுத்துச் செய்யுங்கள்.

கீரைக்கு ஏங்கிப்போனேன். பசலை தவிர ஏதும் உண்டா? (லைப்சிக்)

கோடையில் துருக்கிக் கடைக்குப் போய் ‘செமிசோட்டு’ கேளுங்கள். கட்டைப் பிரித்துப் பாருங்கள், நம் பருப்புக்கீரையேதான்! பதிலும் இல்லை, மாற்றும் இல்லை, அதே செடி. அவர்கள் தயிரில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். நான் பாசிப்பருப்போடு கடைந்து, சின்ன வெங்காயத்துக்கு ஷாலட் போட்டுத் தாளித்தேன். அன்றைக்கு இரவு வேறு எதுவும் சமைக்கவில்லை.

கோதுமை ஒவ்வாமை. பெருங்காயம் போடலாமா? (பான்)

கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி மாவு சேர்த்ததும் விற்கிறார்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். ஜெர்மன்காரர்கள் அதைப் ‘பேய்ப் பீ’ என்கிற அர்த்தத்தில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், கேட்டு மிரளாதீர்கள்.

வீட்டு நெய் வாசம் வரவில்லை. (மைன்ஸ்)

உப்பில்லாத ‘சவர்ராம்புட்டர்’ வாங்கிக் காய்ச்சுங்கள். பாலேட்டைப் புளிக்கவைத்து எடுக்கும் வெண்ணெய், அதனால் ஊர் வாசம் வரும். பொன்னிறம் தாண்டுவதற்குள் இறக்குங்கள்.

ரத்தக்கொதிப்புக்கு எந்த உப்பு நல்லது? (எஸ்ஸன்)

மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்கைர் என்று ஒன்று இருக்கிறதே, அதுவாவது தயிரா? (மூனிக்)

அதுவும் குவார்க் மாதிரி வடித்ததுதான். யோகுர்ட். யோகுர்ட். யோகுர்ட்.

ருபார்ப் ஒரு குழம்புக்கு எத்தனை கிராம் வேண்டும்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். (ஒஸ்னாப்ரூக்)

நான்கு பேருக்கு 200 கிராம். ஜூன் 24-ஓடு அறுவடையை நிறுத்திவிடுவது இங்கே வழக்கம், அதற்குள் வாங்கிவிடுங்கள்.