கிரேன் இல்லாமல் பாய்மரத்தை நிமிர்த்த முடியுமா?

கேள்வி: சின்னதாக ஒரு பாய்ப்படகு வாங்கியிருக்கிறேன். அலுமினியப் பாய்மரம், 9 மீட்டர் நீளம், எடை 40 கிலோ இருக்கும், அடியில் கீல் உண்டு. கிரேன் இல்லாமல் நானும் தம்பியுமாக நிமிர்த்திவிடலாமா? அணியத்தில் (படகின் முன்முனையில்) நின்று கயிறு கட்டி இழுத்தால் போதும் என்கிறான் அவன்.

பதில்: இரண்டு பேர் தாராளமாகப் போதும், ஆனால் தம்பி சொல்கிற வழியில் வராது. மரம் அமரம் (படகின் பின்முனை) பக்கம் படுத்திருக்கும்போது அணியத்திலிருந்து போகும் கயிறும் மரத்தை ஒட்டிப் படுத்தபடியே போகும். என்னதான் தம் கட்டி இழுத்தாலும் அந்த இழுப்பெல்லாம் கீலைத்தான் நெருக்கும், நுனி மேலே வராது. கயிற்றுக்கு உயரம் வேண்டும். அதற்குத்தான் ‘ஜின் போல்’ (gin pole) என்கிற துணைக் கம்பம். மரத்தின் அடியில் ஒரு 2 மீட்டர் குழாயைச் செங்குத்தாக நிறுத்துங்கள், உறுதியாக இருந்தால் பூமையே (பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கிடைக்கம்பத்தையே) கூட நிறுத்தலாம். முன்பாயை ஏற்றுகிற கயிற்றை மர உச்சியிலிருந்து கொண்டுவந்து குழாயின் நுனியில் கட்டி, அங்கிருந்து அணியத்துக்குக் கப்பி போட்டு இழுங்கள்.

எவ்வளவு பாரம் வரும்? மரத்தின் எடை நடுவில் இருப்பதாக வைத்தால், 4.5 மீட்டரில் 40 கிலோ. அணியம் கீலிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருந்தால் முதல் இழுப்பில் கயிற்றுக்குக் கிட்டத்தட்ட 108 கிலோ. நான்கு மடங்குக் கப்பியில் அது 27, உராய்வும் சேர்ந்து இன்னும் கொஞ்சம். மரம் எழ எழ பாரம் குறைந்துகொண்டே வரும், அதனால் முன்பக்க இழுப்பைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது பக்கவாட்டு ஆட்டத்துக்கு. பெரும்பாலான படகுகளில் மரத்தைப் பிடித்து நிறுத்தும் இருபக்கக் கம்பிகளும் மரம் முழுக்க நிமிர்ந்த பிறகுதான் விறைக்கும், அதுவரை தொளதொளவென்று தொங்கும். மரம் பாதி எழுந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு மோட்டார் படகு போய் அலை அடித்தால், மரம் சாய்ந்து கீலையே பிய்த்துக்கொண்டு போய்விடும். எனவே இரு பக்கமும் தற்காலிகக் கயிறுகள் கட்டுங்கள். அவற்றின் கீழ் முனைகள் கீல் ஆணியின் நேர்கோட்டில், அதே உயரத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மரம் எந்தக் கோணத்தில் இருந்தாலும் கயிறு விறைப்பாகவே இருக்கும். ஜின் போலின் நுனிக்கும் இதே மாதிரி இரண்டு கயிறுகள், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் படகில் மரம் மேல்தளத்தைத் துளைத்து அடித்தளம் வரை இறங்குகிறது. அதற்கும் இதே வழியா?

பதில்: இல்லை. அதைச் செங்குத்தாகத் தூக்கித்தான் இறக்க வேண்டும். உயரமான மரம் உள்ள இரண்டு படகுகளை இருபுறமும் அணைத்துக் கட்டி, அவற்றின் பாய்க் கயிறுகளால் தூக்குகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், கிரேனுக்குக் காசு கொடுங்கள்.

கேள்வி: தூக்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் தலைக்கு மேலே. மின்கம்பி இருந்தால் படகை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள், அலுமினியத்தில் மின்சாரம் பாயும். அப்புறம் டர்ன்பக்கிள்கள் (கம்பிகளை இறுக்கும் திருகுகள்): எல்லாவற்றையும் தளர்த்தி வையுங்கள். மரம் எழும்போது அவற்றில் ஒன்று படுத்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் திருகு வளைந்துவிடும், எனவே ஒருவர் இழுக்க மற்றவர் கம்பிகள் மேல் கண் வைக்கட்டும். மரத்துக்குக் கீழே மட்டும் யாரும் நிற்கக் கூடாது. முன்கம்பியை அணியத்தில் மாட்டி, ஆணி கழன்றுவிடாமல் ஸ்ப்ளிட் பின்னும் (பிளவுபட்ட சிறு பூட்டு ஊசியும்) போட்ட பிறகே கப்பிக் கயிற்றை அவிழ்க்கலாம்.