75 ரூபாய் எப்படி 4035 ஆனது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 33 வயது, பி.காம். தாராவியில் எங்களுக்கு இட்லி வியாபாரம். விடிகாலையில் சைக்கிளில் எடுத்துப் போகிறவர்களின் பற்றுக் கணக்கு நோட்டு என் பொறுப்பு. போன வருஷம் ஒரு இன்ஸ்டிடியூட்டில் 18,000 ரூபாய் கட்டி, நாலு மாதத்தில் சி, ஜாவா, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிகள் மூன்றும் படித்தேன். சர்டிஃபிகேட் இருக்கிறது. ஆனால் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. இனி எந்த மொழியிலிருந்து தொடங்குவது?
(ஒரு வாசகி, தாராவி)

பதில்: 18,000 ரூபாயா! எத்தனை இட்லி அம்மா அது? சைக்கிள், ஸ்கூட்டர், ஆட்டோ மூன்றிலும் ஒரு ரவுண்டு உட்கார வைத்துவிட்டு லைசென்ஸ் கொடுத்த கதைதான் இது. உங்கள் மேல் தப்பில்லை.

பைத்தானை வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டையும் இப்போதைக்குப் பரணில் போடுங்கள். திரையில் ‘வணக்கம்’ என்று காட்டப் பாடப்புத்தக ஜாவாவில் கிளாஸ், மெயின் என்று நாலைந்து வரி எழுத வேண்டும். பைத்தானில் பிரிண்ட் போட்டு ஒரே வரி. சி 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய அருமையான மொழிதான், ஆனால் பாயின்டரோடு (கம்ப்யூட்டர் நினைவகத்தின் முகவரியை வைத்துக்கொள்ளும் சமாசாரம்) மல்லுக்கட்ட உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அடுத்து என்ன எழுதுவது? அதுதான் கையிலேயே இருக்கிறதே, பற்று நோட்டு! ஒரு ஆள், இரண்டு நாள். நேற்று 40 ரூபாய் பாக்கி, இன்று 35. இரண்டையும் இன்புட் (நாம் தட்டுவதை வாங்கும் கட்டளை) போட்டு வாங்கி, கூட்டி, பிரிண்ட் செய்யுங்கள். 75 வராது. 4035 என்று வரும்!

பயப்படாதீர்கள். இன்புட் கொண்டுவந்து தருவது எண் இல்லை, எழுத்து. 40 என்பது பைத்தானுக்கு ‘4’, ‘0’ என்ற இரண்டு எழுத்துகள். எழுத்தோடு எழுத்தைக் கூட்டச் சொன்னால் பூ கட்டுகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிவிடும். இன்புட்டைச் சுற்றி இன்ட் என்று போட்டால் எண்ணாக மாறும், 75 வரும். இதைப் புத்தகத்தில் ‘டேட்டா டைப்’ என்று நாற்பது பக்கம் படித்தும் மறந்திருப்பீர்கள். நம் வீட்டுப் பாக்கி 4035 என்று ஒரு தடவை வந்துவிட்டால் சாகும்வரை மறக்காது.

அப்புறம் இதையே பத்துப் பேருக்கும் திரும்பத் திரும்பச் செய்ய லூப். பாக்கி 500 தாண்டினால் எச்சரிக்க ஒரு இஃப், அதாவது ‘இப்படி இருந்தால் இதைச் செய்’ என்ற நிபந்தனை. கடைசியாக எல்லாவற்றையும் ஃபைலில் எழுதி வைப்பது. இதற்குள் நிச்சயம் சிவப்பு எழுத்தில் திட்டு வாங்குவீர்கள். மேலிருந்து படிக்காதீர்கள், கடைசி வரியை முதலில் பாருங்கள். பைத்தான் என்ன கோளாறு என்பதை அங்கேதான் சொல்லும். ‘நேம் எரர்’ என்றால் பெரும்பாலும் பெயரை எங்கோ எழுத்துப்பிழையோடு அடித்திருப்பீர்கள்.

நான் 1991-இல் திருநெல்வேலியிலிருந்து பம்பாய் வந்து ‘கோபால்’ (COBOL) என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தேன். நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். அதனால் முதலில் தாளில் எழுதித்தான் கொண்டு போவோம். பிறகு வேலைக்குப் போன இடத்தில் ஒரு சம்பளப் பட்டியல் எழுதினேன். கடன் வாங்கியவர் என்றால் தவணையைக் கழி, பிறகு எல்லாருக்கும் சீட்டு அச்சிடு. கழிக்கிற வரிக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனது. கோபாலில் அந்தப் புள்ளிதான் இஃப் முடிகிற இடம். அது இல்லாததால் அச்சிடுகிற வரியும் இஃப்புக்குள் போய்விட்டது. கடன்காரர்களுக்கு மட்டும் சம்பளச் சீட்டு வந்தது! கடனே வாங்காத ஹெட் கிளார்க் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற நிற்பு இருக்கிறதே... அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது.

கேள்வி: பத்தாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலம் சுமார்தான். புரோகிராமிங் வருமா?
(ஒரு வாசகர், சயான் கோலிவாடா)

பதில்: வரும். பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிற சொற்களே மொத்தம் 35-தான். ரயில் நிலையப் பெயர் மாதிரி மனப்பாடம் ஆகிவிடும். மற்றபடி வேரியபிள் (மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பா) பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். ‘விலை’, ‘பாக்கி’ என்று எழுதினால் பைத்தான் 3 சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். முழுக்கத் தமிழ்ச் சொற்களாலேயே எழுத ‘எழில்’ என்று ஒரு மொழியும் இருக்கிறது. ருசி பார்க்க நல்லது, வேலைக்குப் பைத்தான்தான்.

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை லென் போட்டுக் கேளுங்கள். மூன்று எழுத்து என்று நாம் நினைப்போம், அது 5 என்னும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தனித்தனியாக எண்ணுகிறது. நம் இலக்கண வாத்தியார் கேட்டால் பிரம்பை எடுப்பார்.

கேள்வி: படிக்க எவ்வளவு விலையில் லேப்டாப் வாங்கலாம்?
(ஒரு வாசகர், செம்பூர்)

பதில்: புதிது வேண்டாம். 4 ஜிபி ரேம் உள்ள பழையதே தொடக்கப் பைத்தானுக்குப் போதும். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பு) போட்டால் கிழம் ஓடத் தொடங்கும். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோடு போங்கள். கடைக்காரர் திரையைத்தான் காட்டுவார், நீங்கள் அதை மூடித் திறக்கிற கீலைப் பாருங்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கீயையும் அழுத்துங்கள். நான் வாங்கியதில் அடைப்புக்குறி கீ வேலை செய்யவில்லை, வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. பைத்தானில் அடைப்புக்குறி இல்லாமல் பிரிண்ட்கூடப் போட முடியாது!