1996ஆம் வருடத்து பாட்டில்

அன்புள்ள ஐயா,

பிரான்சில் லியோனில் வேலை பார்க்கிறேன், வந்து நாலு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் என் மனைவிக்கு முப்பது வயது நிறைகிறது. அவள் பிறந்த 1996ஆம் வருடத்து ஒயின் ஒன்றைத் திறக்க வேண்டும் என்று ஆசை. இங்கே ஒரு ஒயின் கடையில் குருவோ லரோஸ் என்ற போர்தோ பகுதி ஒயின், 1996ஆம் வருடத்தது, இருக்கிறது, 120 யூரோ சொல்கிறார்கள். நான் இதுவரை பதினைந்து யூரோவுக்கு மேல் கொடுத்து ஒயின் வாங்கியதே இல்லை. போன வருடம் என் மேலாளர் வீட்டில் பழைய போர்தோ ஒயின் ஒன்றைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லாம் கண்ணை மூடி ரசித்தார்கள். எனக்கு நனைந்த மண்ணும் புகையிலையும்தான் தெரிந்தது, பழத்தின் ருசியே இல்லை. என் நாக்கில் ஏதாவது குறையா? இவ்வளவு பணம் போடலாமா? அன்றைக்கு வீட்டில் மட்டன் பிரியாணி செய்வதாகத் திட்டம்.

ச., லியோன்

அன்புள்ள ச.,

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. நனைந்த மண், புகையிலை என்று நீங்கள் எழுதியதைத்தான் போர்தோக்காரர்களும் பழைய ஒயினைப் பற்றிச் சொல்கிறார்கள். நீங்கள் பழத்தைத் தேடியிருக்கிறீர்கள். அது அந்த பாட்டிலை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.

இளம் போர்தோவைக் குடித்தால், அதுவும் கபெர்னே சொவிஞ்ஞோன் என்ற திராட்சை அதிகம் உள்ளதைக் குடித்தால், நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி வாய் முழுக்க இழுத்துப் பிடிக்கும். அதுதான் டானின். அறுசுவையில் துவர்ப்பைத் தனியாக எண்ணி வைத்திருக்கிற நமக்கு அதை விளக்கவே வேண்டாம். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் ஓக் பீப்பாயிலிருந்தும் வருகிற அந்தத் துவர்ப்பு, பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் நிறப்பொருளோடு சேர்ந்து சேர்ந்து பெரிதாகி, கனம் தாங்காமல் அடியில் இறங்கிவிடுகிறது. நல்லெண்ணெய் டின்னில் மண்டி தங்குகிற மாதிரி. மேலே நிற்கிற ஒயின் மெலிந்து வழவழப்பாகிறது, கத்தரிப்பூ நிறம் போய் ஓரத்தில் செங்கல் நிறம் வருகிறது. பழவாசம் அடங்க அடங்க அதற்குக் கீழே மறைந்திருந்தவை வெளியே வருகின்றன: சீவிய பென்சில், பழைய தோல்பை, காளான், மழைக்குப் பிறகு மக்குகிற இலை. இந்த வாசனைகளை எதிர்பார்த்துக் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோங்கள், போன வருடம் குடித்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

ஆனால் பழசானால் எல்லா ஒயினும் இப்படி ஆகிவிடாது. உலகத்தில் விற்கிற ஒயினில் பெரும்பகுதி வாங்கிய ஒன்றிரண்டு வருடத்தில் குடித்துவிட வேண்டியது, வைத்தால் சப்பென்று ஆகிவிடும். வைத்துக் குடிக்கிற விஷயத்தில் உங்கள் மனைவி பிறந்த வருடம் நல்ல வருடம். 1996இல் மெதோக்கில், அதாவது ஜிரோந்த் ஆற்றின் இடது கரையில், செப்டம்பர் வெயில் தாமதமாகப் பழுக்கிற கபெர்னேவுக்கு அருமையாக வாய்த்தது. வலது கரையில், மெர்லோ என்ற திராட்சை அதிகம் உள்ள பொமெரோல் பக்கம், அந்த அளவுக்கு இல்லை. அவர் 1991இல் பிறந்திருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன். அந்த ஏப்ரல் உறைபனியில் போர்தோ முழுக்கத் தளிர் கருகியது. 1992இல் மழை கெடுத்தது. சிலர் பிறந்த வருடத்துக்கு போர்தோவே வாங்கக் கூடாது, என்ன செய்வது.

குருவோ லரோஸ் சேன் ஜூலியன் என்கிற ஊரில் இருக்கிறது. மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் கண்காட்சிக்காகக் கேட்டு, தரகர்கள் அன்றைய விலையை வைத்துப் போட்டுக்கொடுத்த 1855 போர்தோ தோட்டப் பட்டியலில் அதற்கு இரண்டாம் வரிசை. 1973இல் மூத்தோன் ரோத்சில்ட் என்ற தோட்டம் முதல் வரிசைக்கு ஏறியதுதான் அந்தப் பட்டியலில் நடந்த பெரிய மாற்றம். நல்ல பெயர்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் பட்டியல் அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்கிறது, கடை அலமாரியில் நிற்கிற அந்த ஒரு பாட்டில் முப்பது வருடம் எங்கே கிடந்தது என்பதைச் சொல்லாது. இந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு: வருடம் ஏறிய பிறகு சிறந்த ஒயின் என்று எதுவும் இல்லை, சிறந்த பாட்டில்தான் உண்டு. ஒரே பெட்டியில் வந்த இரண்டு பாட்டில்கள் அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடம் முன்னால் ஒரு கடையில் 90 யூரோ கொடுத்து மெதோக்கில் உள்ள பொயாக் என்ற ஊரின் பழைய ஒயின் ஒன்றை வாங்கினேன். கண்ணாடி அலமாரியில், மேலே விளக்கு எரிய, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. எத்தனை வருடமாக அப்படி நின்றதோ. நண்பர் வீட்டில் திறந்தபோது கார்க் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே விழுந்தது, ஒயின் கஷாய நிறத்தில் வந்தது, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசம். நாலு பேரும் ஒன்றும் சொல்லாமல் கிளாஸை மேஜையில் வைத்தோம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால் கடையில் லேபிளைப் பார்க்கிறதற்கு முன்னால் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு, பார்த்திருப்பீர்கள். கார்க் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய்வர, மட்டம் வருடத்துக்கு வருடம் இறங்கும். கழுத்தின் அடிப்பாகத்தில் நின்றால், இங்கே பா கூலோ என்பார்கள், முப்பது வருடத்துக்கு அது மிக நல்லது. தோளின் மேல்விளிம்பு, ஒத் எப்போல், பரவாயில்லை, கொஞ்சம் விலையைக் குறைத்துக் கேட்கலாம். தோளின் நடுவுக்கு வந்துவிட்டதென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அப்புறம் கார்க் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறதா, மூடியோரம் பிசுபிசுவென்று ஒழுகிய தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அப்படி இருந்தால் எங்கேயோ சூடு பட்டிருக்கிறது. கைபேசி வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தால் நிறமும் தெரியும். சிவப்பு மிச்சம் இருக்க வேண்டும். கடைசியாக, இது யாரிடமிருந்து வந்தது, எந்த நிலவறையில் இருந்தது என்று கேளுங்கள். நல்ல கடைக்காரருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், உட்கார வைத்துக் கதை சொல்வார். மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். இது இந்த அளவுக்கு முக்கியம் என்பதால்தான் ஷத்தோ லத்தூர் என்ற போர்தோ தோட்டம் 2012இல், பீப்பாயில் இருக்கும்போதே முன்கூட்டி விற்கிற வழக்கத்தை விட்டு, தன் நிலவறையிலேயே வைத்திருந்து குடிக்கத் தயாரான பிறகு விற்பது என்று முடிவெடுத்தது.

இவ்வளவும் சரியாக இருந்தால் 120 யூரோ கொடுங்கள், மனதாரச் சொல்கிறேன். சரியில்லை என்றால் சோசியாந்தோ மாலே என்ற மெதோக் ஒயின், 1996ஆம் வருடத்தது, கிடைக்கிறதா என்று பாருங்கள். 1855 பட்டியலில் கிடையாது, ஜிரோந்தைப் பார்த்த சரளை மேட்டில் விளைவது, அந்த வருடம் பிரமாதமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் படுக்க வையுங்கள், பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் நிமிர்த்தி வையுங்கள், மண்டி அடியில் இறங்கட்டும். சாதாரணத் திருகுக் கம்பியைப் போட்டால் பழைய கார்க் உடையும். இரண்டு மெல்லிய தகடு உள்ள பிலாம் என்ற திறப்பான் இங்கே எளிதாகக் கிடைக்கும், தகடுகளை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி இறக்கி, திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். பிறகு ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் சுடர் பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் தெரிகிற மாதிரி பிடித்து, நிறுத்தாமல் மெதுவாக ஜாடியில் ஊற்றுங்கள். முதலில் கழுத்து வழியாகச் சுத்தமான சிவப்பு போகும், சுடர் அதற்குள் அசைவது தெரியும். கடைசியில் தோளுக்குப் பின்னாலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஒரு கறுப்பு இழை நெளிந்து வரும். அந்த நொடியில் கையை நிமிர்த்திவிடுங்கள். மண்டியைப் பிரிக்கத்தான் இதெல்லாம், காற்று வாங்க அல்ல. முப்பது வயது ஒயினை மணிக்கணக்கில் திறந்து வைக்கக் கூடாது, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போதும். 17 டிகிரி வாக்கில் இருக்கட்டும்.

முதலில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்து, நேரம் போகப் போக அது கூடினால் கார்க்கிலிருந்து வந்த கெடுதல், யார் தப்பும் இல்லை. மண் வாசம் அப்படி இல்லை, பத்து நிமிடத்தில் விரியும், இன்னொன்றாக மாறும். இரண்டு பேர்தானே, அவசரமில்லாமல் குடியுங்கள்.

பிரியாணி அன்றைக்கு வேண்டாம். மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும்போது இந்த ஒயின் வெறும் புளிப்புத் தண்ணீராகத்தான் தெரியும், 120 யூரோ மசாலாவில் கரைந்துவிடும். உப்பும் கொஞ்சம் பூண்டும் போட்டு அடுப்பில் வாட்டிய ஆட்டுத்தொடை, கூடவே வெண்ணெயில் வதக்கிய காளான், அது போதும். பிரியாணியை மறுநாள் நண்பர்களைக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

மனைவிக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். நாளைக்கே கடைக்குப் போய், மட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிகிற மாதிரி கழுத்தையும் தோளையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு அன்றே பதில் போடுகிறேன்.