காம்ஃப்ரே வேர் வாங்குவதற்கு முன்னால் ஒரு கரண்டி மண்ணை எடுங்கள்

காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு அம்மணி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் 10 சென்ட் செம்மண், அதில் கத்தரி, தக்காளி, மிளகாய், நாலு முருங்கை. போர் தண்ணீர், சொட்டு நீர் போட்டிருக்கிறார். கத்தரியில் கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறதாம். காம்ஃப்ரே என்ற செடியை நட்டு இலையை அறுத்து வேரடியில் போட்டால் பொட்டாஷ் (பொட்டாசியம் உரம்) வாங்கவே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். பக்கத்து ஊர் ஏஜென்ட் ஒருவர் 100 வேர்த்துண்டு தருகிறேன், கூடவே டோலமைட்டும் ஒரு லோடு சாம்பலும் இறக்கிவிடுகிறேன், மிஞ்சுகிற இலையை நானே கிலோ கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

வேண்டாம் அம்மணி. அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

காம்ஃப்ரேவைக் குறை சொல்லவில்லை. அது ஈரமும் குளிரும் உள்ள நாட்டுச் செடி. இங்கிலாந்தில் லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் 1950-களில் பாக்கிங் என்ற ஊரில் பல வகைகளை வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் இன்றைக்கும் எல்லோரும் சொல்லும் 'பாக்கிங் 14' ரகம். அதில் முளைக்கிற விதை பிடிக்காது, வேர்த்துண்டில்தான் பெருக்க வேண்டும். வேர் ஆழம் போகும், இலையில் பொட்டாசியம் நிறைய இருக்கும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஊரில் வானம் ஊற்றுகிற தண்ணீரை இங்கே உங்கள் போர்தான் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலிலும் ஆடிக் காற்றிலும் அதைக் காப்பாற்ற நீங்கள் விடுகிற தண்ணீருக்கு இன்னும் ரெண்டு வரிசை கத்தரி வளர்த்துவிடலாம். அப்புறம், எந்தச் செடியும் பொட்டாசியத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. மண்ணில் இருப்பதை எடுத்து இலையில் வைக்கிறது, நாம் அறுத்துப் போட்டால் அதே மண்ணுக்குத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம், உங்கள் கத்தரி கேட்பது பொட்டாசியமே இல்லை. பொட்டாசியம் குறைந்தால் அடி இலையின் ஓரம்தான் கருகும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. நம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை, அந்த நிறமே இரும்பால் வந்ததுதான். மண்ணில் சுண்ணாம்பு அதிகமானால் அந்த இரும்பு வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். குழி தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டி, வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டாலும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சாண் ஆழத்தில் இருந்து ஒரு கரண்டி மண்ணை எடுத்துக் காயவைத்து, எவர்சில்வர் தட்டில் பரப்பி, சமையலுக்கு வாங்கும் வினிகரை நாலு சொட்டு விடுங்கள். காதைக் கிட்டே கொண்டுபோனால் சோடா திறந்த மாதிரி 'ஸ்ஸ்' என்று கேட்கும், நுரை பொங்கும். பொங்கினால் சுண்ணாம்பு மண்.

பொங்குகிற மண்ணில் டோலமைட் போடவே கூடாது. டோலமைட்டும் சுண்ணாம்புக் கல்தான். கேரளத்துக்காரர்கள் எடுக்கும் வீடியோவில் முதல் வேலையாகச் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். அங்கே அடைமழையில் மண் புளித்து, அதாவது அமிலமாகிக் கிடக்கிறது, அவர்களுக்கு அது சரி. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கதையே தலைகீழ், ஆனால் வீடியோவுக்கு அது தெரியாது, மூட்டை விற்கிறவருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

சாம்பலும் அப்படித்தான். வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். 'இயற்கைப் பொட்டாஷ்' என்று சொல்லி ஒரு புரோக்கர் விறகு பாய்லர்ச் சாம்பலை டிப்பரில் கொண்டுவந்து கொட்டியிருந்தார். மிளகாய்ச் செடி முழங்கால் உயரத்தில் நின்றுபோய்க் கொழுந்தெல்லாம் எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. அந்த மண்ணைக் கையில் அள்ளி நனைத்தபோது விரலில் சோப்பு மாதிரி வழுக்கியது. அந்தப் பெரியவர் சாம்பலுக்கும் வண்டி வாடகைக்கும் இறக்கு கூலிக்கும் பணம் கொடுத்து, சொந்தக் காசில் மண்ணைக் கெடுத்திருக்கிறார். பாய்லர்க்காரருக்கு அது கழிவு, எங்காவது தள்ளினால் போதும். சாயப்பட்டறைக் கழிவு மண்ணைக்கூட மண்புழு உரத்தோடு கலந்து தள்ளலாம். எந்த இடத்தில் இருந்து லோடு வருகிறது என்று வாயால் சொல்லாத ஆளிடம் ஒரு கூடைகூட இறக்காதீர்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு நமக்குப் போதும்.

அடுத்து ஜிப்சம். டோலமைட் வேண்டாம் என்றால் ஜிப்சம் போடுங்கள் என்று அதே ஆள் அடுத்த வாரம் வருவார், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து. களர் என்றால் சோடியம் ஏறிய மண். நனைந்தால் களி மாதிரி ஒட்டும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். உவர் வேறு, அது மேலே வெள்ளையாக உப்புப் பூத்த மண், அதற்கு நல்ல தண்ணீர் விட்டு உப்பை அலசி வடிப்பதுதான் வழி. வினிகருக்குப் பொங்குகிற வெறும் சுண்ணாம்பு மண் இந்த ரெண்டிலும் சேராது, அதில் ஜிப்சம் போட்டால் கார நிலை குறையாது, இரும்பும் விடுபடாது. கடலைக்குப் போடுகிறோமே என்பீர்கள். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தைப் பூக்கிற பருவத்தில் போட்டு மண் அணைப்பது காய் பிடிக்கத் தேவையான கால்சியத்துக்கும் கந்தகத்துக்கும்தான், மண்ணைத் திருத்த இல்லை. நிஜமாகவே களர் என்று பரிசோதனையில் வந்தால் எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போட்டுத் தருவார்கள். அப்போதும் ஜிப்சத்தைப் போட்டுத் தண்ணீர் தேக்கி வடித்தால்தான் சோடியம் வெளியேறும். வடிகால் இல்லாத இடத்தில் போட்ட ஜிப்சம் வீண்.

சரி, என்ன செய்யலாம்? அவசரத்துக்கு, லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலை நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் ரெண்டு மூன்று தடவை. மண்ணில் போடாதீர்கள், அதுவும் பூட்டிக்கொள்ளும்.

நீண்ட நாளைக்கு, காம்ஃப்ரே செய்கிற வேலையைச் செய்ய உங்கள் வேலியிலேயே ஆள் இருக்கிறது. கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) ஓரத்தில் எருக்கு நிற்கும், ஆவாரை நிற்கும், மழை பெய்தால் கொழிஞ்சி தானாக வரும். வேம்பும் புங்கனும் இல்லாத ஊர் நம் பக்கம் கிடையாது. கிளைரிசிடியா போத்தை (கிளைத்துண்டை) மழைக்காலத்தில் வரப்போரம் ஊன்றிவிட்டால் பிடித்த பிறகு வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை கழிக்கலாம், பயறு வகைக் குடும்பம் என்பதால் காற்றில் உள்ள தழைச்சத்தையும் சேர்த்துத் தரும், காம்ஃப்ரேவால் அது முடியாது. இலையை நறுக்கி நாலு விரல் கனத்துக்குச் செடியைச் சுற்றிப் போடுங்கள், தண்டை ஒட்டிப் போட வேண்டாம். எருக்கு வெட்டும்போது பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது, ரொம்பக் கவனம். பொட்டாசியம்தான் வேண்டும் என்றால் குலை வெட்டிய வாழைத்தண்டை நறுக்கிப் போடுங்கள்.

கத்தரி முடிந்ததும் தக்கைப்பூண்டு 2 கிலோ விதைத்துப் பூக்கிற நேரத்தில், 45 நாளில், மடக்கி உழுங்கள். உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். அதோடு மக்கிய தொழு உரம் 500 கிலோ. கோழி எருவைப் பச்சையாகப் போடாதீர்கள், சூடும் உப்பும் செடியைக் கருக்கும். பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவையும் மக்காமல் போட்டால் அது மக்குவதற்கு உங்கள் மண்ணின் தழைச்சத்தைத்தான் இழுத்துக்கொள்ளும்.

'திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' என்ற அந்தப் பேச்சுக்கு வருகிறேன். 2012-ல் ஈமுக் கோழியை வைத்துப் பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பம் நகையை விற்றுப் பணம் கட்டியது என்று மறந்திருக்க மாட்டீர்கள். அப்போதும் இதே வாக்குதான். சந்தையில் விலை இல்லாத ஒரு பொருளை ஒரே ஒருவர்தான் வாங்குவார் என்றால், அவர் போனை அணைக்கிற நாளில் உங்கள் கையில் இருப்பது வெறும் இலை. மூட்டு வலிக்குக் கஷாயம் வைக்கலாம், மாட்டுக்குப் போடலாம் என்றும் சொல்லியிருப்பார். குடிக்கவே கூடாது. காம்ஃப்ரேயில் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு. உள்ளுக்குச் சாப்பிடும் காம்ஃப்ரே பொருட்களைச் சந்தையில் இருந்து எடுக்கும்படி அமெரிக்க மருந்துத் துறை 2001-லேயே கேட்டுக்கொண்டது. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட வேண்டாம்.

மண்வள அட்டை இருக்கிறதே, அதைப் பார்த்து உரம் போடலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். திட்டம் தொடங்கியபோது அந்த அட்டைக்கு இறவையில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்ற கணக்கில்தான் மண் எடுத்தார்கள். உங்கள் 10 சென்ட் மண் அதில் ஒரு பிடிகூட இல்லாமல் இருக்கலாம். 12 அளவுகள் பார்க்கிறார்கள், ஆனால் கொங்கு மண்ணுக்கு முதலில் கேட்க வேண்டிய சுண்ணாம்பும் சோடியமும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. டெல்லியில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் ஒரே படிவம் அடித்தால் இப்படித்தான் ஆகும். 2015-ல் தொடங்கிய திட்டம், இத்தனை வருஷத்தில் ஊருக்குத் தகுந்த மாதிரி ரெண்டு கட்டம் கூட்டியிருக்கலாம்.

அதனால் நீங்களே மண் எடுங்கள். பத்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கி, ஆங்கில 'வி' மாதிரி 15 செ.மீ. குழி, ஓரத்தைச் சுரண்டிச் சேர்த்து, கலந்து, அரை கிலோ. இரும்புச்சத்தும் பார்க்க வேண்டும் என்பதால் மண்வெட்டி வேண்டாம், மூங்கில் குச்சியும் பிளாஸ்டிக் முறமும் போதும். போர் தண்ணீரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு ஒரு பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ கொடுத்து, சுண்ணாம்பும் மாற்றத்தக்க சோடியமும் பார்த்துத் தாருங்கள் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் விட்டுவிடுவார்கள்.