வாசகர் கேள்வி – பதில்: வெளுத்தாலும் போகாத சித்திரம்

கேள்வி: கைத்தறிப் பருத்திப் புடவை ஒன்றில் கடையில் வாங்கிய துணிப் பெயின்ட்டால் மயிலும் கொடியும் வரைந்தேன். நான்காவது சலவையிலேயே மயிலின் கழுத்து வெடித்து, தோல் உரிவதுபோல் உரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயில் தேரில் கட்டும் பழைய தொம்பையின் (குழாய் வடிவில் தொங்கவிடும் சித்திரத் துணி) சிவப்போ நான் சிறுமியாக இருந்தபோது பார்த்தபடியே இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துச் சாயத்தில் அப்படி என்ன இருந்தது? (வாசகி, திருச்சி)

பதில்: சாயத்தில் இருந்ததைவிட, சாயம் படுவதற்கு முன்பு துணிக்குச் செய்த வேலையில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. நீங்கள் வாங்கிய பெயின்ட், நிறப்பொடியை அக்ரிலிக் பசையில் குழைத்தது. அது நூலின் மேல் ஓர் ஏடாகப் படியுமே தவிர, நூலோடு சேராது. தடிப்பாகப் பூசினால் மடிப்பு விழும் இடத்தில் வெடிக்கும். புதுத் துணியின் கஞ்சியைப் போக்காமல் பூசினால், கஞ்சி கரையும்போது ஏடும் உடன் கழன்றுவிடும். அடுத்த முறை துணியைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் அலசி உலர்த்தி, மெல்லிய பூச்சாகத் தீட்டுங்கள். நன்றாகக் காய்ந்தபின், பெயின்ட் புட்டியில் சொல்லியிருக்கும் நேரத்துக்குக் குறையாமல் மறுபக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள்.

தொம்பையின் கதை வேறு. அது கலம்காரி, அதாவது கலம் என்னும் மூங்கில் பேனாவால் துணியில் சித்திரம் தீட்டும் வேலை. அதில் கோராத் துணியை நன்றாக வெளுத்து, கடுக்காய்த் தூள் கரைத்த எருமைப் பாலில் நனைத்து, பிழிந்து, வெயிலில் உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலுக்குள் இறங்கித் தங்கும். பாலின் கொழுப்பு, கலம் தொட்ட இடத்தில் நீர் பரவிக் கோடு கலங்காமல் தடுக்கும். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாட்கள் புளிக்கவைத்து எடுத்த கரைசலைக் கலத்தில் தோய்த்துக் கோடு இழுக்கிறார்கள். மூங்கில் குச்சியின் நுனிக்குச் சற்று மேலே கம்பளியையோ துணியையோ நூலால் இறுகச் சுற்றிக் கட்டியதுதான் கலம். விரலால் அந்தச் சுற்றை அழுத்தினால் மை சொட்டாமல் இறங்கும். கரைசல் கலத்தில் இருக்கும்வரை வெளிர்ப் பழுப்பாகத்தான் இருக்கும். கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும் கண்ணெதிரே கறுக்கும்.

சிவப்பு வேண்டிய இடத்தில் சிவப்பைத் தீட்டுவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அங்கே தீட்டுவது படிகார நீரை மட்டுமே. பிறகு துணி முழுவதையும், சிவப்புச் சாயம் தரும் வேர்களான சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டுக் கொதிக்கவைத்த நீரில் முக்கி எடுப்பார்கள். கொப்பரையிலிருந்து வெளியே வரும்போது துணி எங்கும் சிவந்திருக்கும். அதைச் சாண நீரில் ஊறவைத்து, ஓடும் நீரில் அலசி, ஈரம் உலரவிடாமல் தெளித்துத் தெளித்து வெயிலில் விரித்துவைத்தால், படிகாரம் பட்ட இடத்துச் சிவப்பு மட்டும் நிற்கும்; மற்றதெல்லாம் வெளுத்துவிடும். படிகாரத்தின் அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்தும் உடன் சேர்ந்தால் அந்தப் பிடி இன்னும் இறுகும். மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரம் ஒன்றோடு ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணுக்கிலேயே இத்தகைய வேர்ச் சிவப்பு இருந்தது; ஆகவே இந்த அறிவு மிகப் பழையது.

ஐரோப்பியத் துணிகளின் சாயம் சலவையில் ஓடிய காலத்தில் சோழமண்டலக் கரைத் துணிகளின் சாயம் ஓடவில்லை. அவற்றுக்கு அங்கே இருந்த மோகத்தைக் கண்டு உள்நாட்டு நெசவாளர்களுக்காக 1686-இல் பிரான்ஸ் அவற்றைத் தடைசெய்தது. 1759 வரை தடை நீடித்தது. அதற்கிடையே 1742-இல் ஏசுசபைப் பாதிரியார் கெர்தூ, தம்மிடம் கிறித்தவம் தழுவிய சாயக்காரர்களிடம் கேட்டு, இந்த வேலையைப் படிப்படியாக எழுதிப் பிரான்சுக்குக் கடிதமாக அனுப்பினார். தொழில் ரகசியம் என்பதை எவ்வளவு எளிதாகக் கேட்டு வாங்கிவிட்டார் என்று எனக்குச் சற்று வருத்தம்தான்.

கேள்வி: சிவப்புக்குப் படிகாரம் சரி, நீலத்துக்கு மட்டும் ஏன் மெழுகு? (வாசகர், மதுரை)

பதில்: நீலச் சாயம் தரும் அவுரிக்குப் படிகாரத்தின் துணை தேவையில்லை என்பதால்தான். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரம் கலந்த தொட்டியில் புளிக்கவைத்தால் அது நிறம் மாறிக் கரையும். அப்போது துணியை முக்கி வெளியே எடுத்தால், மஞ்சள் கலந்த பச்சையாக வரும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாகும். கரையாத பொருளாக நூலுக்குள்ளேயே அது சிறைப்பட்டுவிடுகிறது. ஆனால் தொட்ட இடத்திலெல்லாம் பிடிக்கும் என்பதால், நீலம் வேண்டாத பரப்பு முழுவதையும் மெழுகால் மூட வேண்டும். பின்னர் வெந்நீரில் மெழுகை உருக்கி எடுக்க வேண்டும். சிறு பூ ஒன்றுக்கு நீலம் வேண்டும் என்றால்கூட மீதித் துணி முழுக்க மெழுகுதான். இன்று பல பட்டறைகளில் அந்த உழைப்பைத் தவிர்த்து நீலத்தையும் கலத்தாலேயே தீட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: கோடாலிக்கருப்பூர்ப் புடவையும் கலம்காரியும் ஒன்றா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உறவு உண்டு, ஒன்றல்ல. கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில், தறியிலேயே ஜரிகையைக் கோத்துப் பூவேலையாக நெய்து, அதன்மேல் மெழுகும் சாயமும் கொண்டு வேலை செய்தார்கள். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென்றே நெய்யப்பட்ட துணி அது. 1855-இல் அரசு முடிந்தபின், கேட்டு வாங்க ஆளில்லாமல் அந்த நெசவு மெல்ல மறைந்தது. தொம்பை, விதானம் முதலியவற்றைத் தீட்டும் கருப்பூர்க் கலம்காரி மட்டும் கோயில்களின் தயவில் பிழைத்தது. 2021-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கேள்வி: கடையில் கலம்காரி என்று விற்பது இயற்கைச் சாயமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? (வாசகி, சென்னை)

பதில்: ஓரளவுக்கு முடியும். ஈரத் துணியால் தேய்த்துப் பார்ப்பது சாயம் ஓடுமா என்பதைத்தான் காட்டும். மறைவான ஓரத்தில் கறுப்புக் கோட்டின்மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு வையுங்கள். இரும்பும் கடுக்காயும் சேர்ந்த கறுப்பானால் சிறிது நேரத்தில் வெளுக்கும். அச்சுமையின் கறுப்பு அசையாது. உடனே அலசிவிடுங்கள். இதே காரணத்தால், நல்ல கலம்காரிப் புடவை கட்டிக்கொண்டு ரசம் பரிமாறப் போவதை நான் ஊக்குவிப்பதில்லை.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய சித்திரத் துணியில் சிவப்பு இலைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் சுற்றியிருந்த கறுப்புக் கோடுகள் மட்டும் இற்று, அந்த இடத்தில் துணியே இல்லை. பூச்சி அரித்ததா? (வாசகர், காரைக்கால்)

பதில்: பூச்சி கோட்டைப் பார்த்து அரிக்காது. கறுப்பைப் பிடித்துவைத்த இரும்பே காலப்போக்கில் பருத்தி நூலைத் தின்றுவிட்டது. பருத்தி இழை காற்றோடு சேர்ந்து சிதைவதை இரும்பு விரைவுபடுத்துகிறது. கரைசலில் எஞ்சிய புளிப்பும் அதற்குத் துணை. படிகாரம் பட்ட இடத்துக்கு அந்தத் தீங்கு இல்லை. எனவேதான் உலகின் அருங்காட்சியகங்களில் உள்ள நம் பழைய துணிகளிலும், எல்லைக்கோடு உதிர்ந்துபோய் நிறம் மட்டும் நிற்பதைக் காணலாம். போன இழை திரும்பாது. இனி அதைத் துவைக்காதீர்கள், மடிக்காதீர்கள், கிழிசலைத் தைக்கவும் வேண்டாம். ஊசி போனால் பக்கத்து இழையும் பொடியும். கஞ்சியில்லாத வெள்ளை மல் துணியை ஒரு தடித்த குழாயில் சுற்றி, அதன்மேல் சித்திரத் துணியைத் தளர்வாகச் சுருட்டி, பிளாஸ்டிக் உறை போடாமல் ஈரமில்லாத அலமாரியில் படுக்கவையுங்கள்.