‘ரேடியோ விளம்பரமா? வேணாம்ப்பா’ – முதல் போனிலேயே வைத்துவிடுகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தின் விளம்பர விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். தினமும் 50 கடைகளுக்காவது போன் போட வேண்டும் என்பது டார்கெட். இணையத்தில் கிடைக்கும் எண்களை எடுத்து வரிசையாக அழைக்கிறேன். ரேடியோ என்றதுமே வைத்துவிடுகிறார்கள். மிஞ்சினால், “வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்கிறார்கள். என் பேச்சில் எதை மாற்ற வேண்டும்?
– வாசகர், வில்லாபுரம்

பதில்: பேச்சை அப்புறம் பார்ப்போம். முதலில் மாற வேண்டியது உங்கள் கையில் இருக்கும் லிஸ்ட். விளம்பரத்துக்கு இதுவரை ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காத கடைக்காரரை ஒரே போனில் செலவழிக்க வைக்க யாராலும் முடியாது. ஏற்கெனவே செலவழிப்பவரைத் தேடுங்கள். காலைப் பேப்பருக்குள் செருகி வரும் நோட்டீஸ், டவுன் பஸ்ஸின் முதுகு, லோக்கல் கேபிள் சேனல் எல்லாமே உங்களுக்கு லிஸ்ட்தான். அதைவிட நல்லது, போட்டி எஃப்.எம்.களை காலையில் ஒரு மணி நேரம் நோட்டும் பேனாவுமாகக் கேட்பது. அதில் வரும் கடைக்காரருக்கு ரேடியோ என்றால் என்னவென்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. பைபாஸ் ரோட்டிலோ கே.கே. நகரிலோ ‘விரைவில் திறப்பு விழா’ என்று பேனர் கட்டிய கடையைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குத்தான் அவசரம்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லா எண்ணையும் அழைப்பதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. விளம்பர அழைப்பே வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிந்து வைத்தவர்கள் புகார் கொடுக்கலாம். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிகளை இறுக்கியது. 10 நாளுக்குள் 5 புகார் வந்தாலே அந்த எண் மீது நடவடிக்கை எடுக்கலாம். சொந்த சிம்மில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அலுவலகம் முறைப்படி என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்று மேலாளரிடம் கேளுங்கள். 50 போன் என்று எண்ணிக்கையை மட்டும் பிடித்துத் தொங்கும் டார்கெட் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் சம்பளம் தருபவரிடம் அதைச் சொல்லிவிட முடியாது. அதனால் லிஸ்ட்டையாவது தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நேரம். கடை திறந்ததும் போன் போடாதீர்கள். போணி ஆகுமுன் செலவுப் பேச்சு எடுத்தால் நல்ல மனுஷனும் எரிந்து விழுவார். விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளுக்கும் தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளுக்கும் 11 மணிக்கு மேல் பேசலாம். ஹோட்டல் என்றால் மதியக் கூட்டம் அடங்கிய மூன்றரைக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு எந்தக் கல்லாவையும் தொந்தரவு செய்யாதீர்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். அந்த நேரத்தில் பேசலாம், ஆனால் ஆர்டரோ செக்கோ கேட்காதீர்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை, அவருக்கு இருக்கும்.

இப்போது பேச்சு. போனில் விளம்பரத்தை விற்க முயல்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. போன் பத்து நிமிடச் சந்திப்பைக் கேட்பதற்கு மட்டும். நம் ஊரில் போனை வைப்பது சுலபம். வாசலுக்கு வந்தவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புவது கஷ்டம். இப்படிப் பேசிப் பாருங்கள்:

“வணக்கம் சார், எஃப்.எம்.ல இருந்து பேசுறேன். உங்க ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் இன்னைக்குப் பேப்பரோட வந்துச்சு. திருமங்கலத்துல புதுக் கிளை திறந்தது அதுல கீழ ஓரமா, பொடி எழுத்துல இருக்கு. அந்தப் பக்கத்து ஆளுகளுக்கு அத எப்படிச் சொல்லலாம்னு ஒரு யோசனை வச்சிருக்கேன். நாளைக்குப் பதினொன்ரைக்குக் கடைக்கு வரட்டுமா?”

இதில் ரேட் இல்லை, ‘நம்பர் ஒன் எஃப்.எம்.’ என்ற பீற்றல் இல்லை. அவர் கடை மட்டும்தான் இருக்கிறது. எடுத்தவர் மேனேஜராக இருந்தால், “விளம்பரம் எல்லாம் யாருண்ணே பாக்குறாங்க?” என்று கேளுங்கள். பல கடைகளில் இப்போது அதை முதலாளியின் மகனோ மருமகளோ பார்க்கிறார்கள்.

“வாட்ஸ்அப்ல அனுப்புங்க” என்பது மரியாதையான ‘வேண்டாம்’. ரேட் கார்டு பி.டி.எஃப். அனுப்பினால் அதோடு கதை முடிந்தது. நம்பிக்கை தரும் ஓரிரு கடைகளுக்கு மட்டும், அவர்கள் கடைப் பெயரை வைத்து 20 நொடி மாதிரி விளம்பரம் ஒன்றை உங்கள் புரொடக்‌ஷன் ஆளிடம் கெஞ்சிக் கூத்தாடியாவது செய்து வாங்கி அனுப்புங்கள். தன் கடைப் பெயரை ஆர்.ஜே. குரலில் கேட்டவர் அதை வீட்டில் போட்டுக் காட்டாமல் இருக்க மாட்டார்.

“இப்ப யாருய்யா ரேடியோ கேக்குறா?” என்பவரோடு வாதம் வேண்டாம். ஸ்வீட் ஸ்டால்காரர் என்றால், “பின்னாடி பட்டறையில மாஸ்டர் என்ன சார் போட்டு வச்சிருக்காரு?” என்று மட்டும் கேளுங்கள். பட்டறை, தையல் கடை, ஷேர் ஆட்டோ என்று எங்கே ரேடியோ ஓடுகிறது என்பது அவருக்கே தெரியும்.

“போன தடவை போட்டேன், ஒண்ணும் வரல” என்பவரை விட்டுவிடாதீர்கள். எத்தனை நாள், எந்த நேரம், என்ன சொன்னார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பாதி இடங்களில், மலிவாகக் கிடைத்த ராத்திரி நேரத்தில் நாலைந்து நாள் ஓடியிருக்கும். ‘கூட்டம் வரும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்ன நேரத்தில் ஓடியதற்கு லாக் ரிப்போர்ட், அதாவது எந்த நாள் எத்தனை மணிக்கு ஓடியது என்ற பதிவு, தருவேன் என்று சொல்லுங்கள். அது உங்கள் கையில் இருக்கிறது.

ரேட் கேட்டால்? நேரில்தான் சொல்வேன் என்று மழுப்பச் சொல்லித் தருவார்கள். மதுரை வியாபாரியிடம் அது எடுபடாது, மறைக்கிறான் என்றுதான் நினைப்பார். ஆனால் ‘10 நொடிக்கு இவ்வளவு’ என்றும் சொல்லாதீர்கள், அது அவருக்குப் புரியாத கணக்கு. முழுத் தொகையாகச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, 10 நொடிக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 நொடி விளம்பரம் நாளுக்கு 8 முறை, 15 நாள் என்றால் 48,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 8,640 சேர்த்து 56,640. “பேப்பர் விளம்பரத்துக்கு வரி 5 சதவீதம்தானே” என்று கட்டாயம் கேட்பார். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் இந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. அவர் எதில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

“பிறகு பார்ப்போம்” என்றால் எந்தச் சீசனுக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடிக்கு ஜூனிலேயே பேச வேண்டும், தீபாவளிக்கு ஆகஸ்டில். கோச்சிங் சென்டர்காரர்கள் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே காசை ஒதுக்கிவிடுவார்கள்.

இரண்டு பேர் மட்டும் உங்கள் முதல் போனிலேயே ‘சரி’ என்பார்கள், அங்கேதான் உஷார். மேலூர் ரோட்டிலும் ஒத்தக்கடைப் பக்கமும் பிளாட் போடுபவரிடம் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு தேவைப்படும் மனைப்பிரிவைப் பதியாமல் விளம்பரப்படுத்துவது 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி தவறு. சர்க்கரை நோயை அடியோடு ஒழிக்கிறேன் என்னும் வைத்தியரின் விளம்பரத்துக்கு 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் குறுக்கே நிற்கும். விளம்பரத்தை ஓட்டச் சொல்லும் ரிலீஸ் ஆர்டரில் கையெழுத்து வாங்குமுன் ஸ்கிரிப்டை நிலையத்தில் காட்டிவிடுங்கள். முதல் தடவை வருபவர் யாராக இருந்தாலும் முன்பணம் வாங்கிக்கொண்டே ஓட்டுங்கள். பாக்கி நின்றால் அதை வசூலிக்கவும் உங்களைத்தான் அனுப்புவார்கள்.