நாகசாகி: சன்னலா, மதகா?

அன்புள்ள ஐயா,

ஜப்பானைப் பற்றிய உங்கள் கட்டுரையில், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கதவடைத்துக்கொண்ட அந்நாட்டுக்கு நாகசாகி ‘மேற்கைப் பார்த்த சன்னல்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நாகசாகி என்றால் எனக்கு அணுகுண்டு மட்டுமே நினைவுக்கு வருகிறது. அதற்கு முன் அது உண்மையிலேயே திறந்த நகரமாக இருந்ததா?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

சன்னல் என்று எழுதியது என் பிழை. பழக்கத்தில் வந்து விழுந்த சொல் அது. மதகு என்று எழுதியிருக்க வேண்டும். எவ்வளவு நீர் போகலாம் என்பதை மதகுப் பலகையைப் பிடித்திருப்பவர்தான் முடிவு செய்கிறார். நாகசாகியில் அந்தப் பலகை எடோவிலிருந்த (இன்றைய டோக்கியோ) ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசின் கையில் இருந்தது.

1571இல் போர்த்துகீசியக் கப்பல்களுக்காகத் திறக்கப்பட்ட துறைமுகம் அது. ஞானஸ்நானம் பெற்றிருந்த வட்டாரத் தலைவர் ஓமுரா சுமிதாதா 1580இல் அதை இயேசு சபையிடமே ஒப்படைத்தார். சில ஆண்டுகளில், ஜப்பானை ஒரே ஆட்சியின்கீழ் கொண்டுவந்துகொண்டிருந்த ஹிதேயோஷி அதைப் பறித்துக்கொண்டார். 1597இல் அங்கே 26 கிறித்தவர்கள் சிலுவையில் அறையப்பட்டார்கள். போர்த்துகீசியர் ஊரோடு கலக்காமல் அடைத்து வைப்பதற்காகக் கடலைத் தூர்த்து, 1636இல் தெஜிமா என்ற விசிறி வடிவத் தீவை அமைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அவர்களை நாட்டைவிட்டே வெளியேற்றி, 1641இல் டச்சுக்காரர்களை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்றரை ஹெக்டேர் நிலமும் கரைக்குச் செல்ல ஒரே பாலமும்தான் அவர்களுக்குக் கிடைத்த ஜப்பான்.

ஆனால் தெஜிமாவோடு நின்றுவிட்டால் கதையின் பெரும்பகுதி விட்டுப்போகும். 1715ஆம் ஆண்டு ஆணை டச்சுக்காரர்களுக்கு ஆண்டுக்கு 2 கப்பல்களையும் சீனர்களுக்கு 30 கப்பல்களையும் அனுமதித்தது என்பதிலிருந்தே, யாருடைய வணிகம் பெரியது என்பது விளங்கும். சீனர்களுக்கும் 1689இல் மதில் சூழ்ந்த தனிக் குடியிருப்பு வந்தது. தங்கள் பண்பாட்டை அவ்வூரார் ‘வாகரான்’ என்பார்கள்: ஜப்பான், சீனம், ஹாலந்து மூன்றையும் குறிக்கும் எழுத்துகளின் சேர்க்கை. பேச்சில் அதே ஒலிக்குப் ‘புரியவில்லை’ என்றும் பொருள் உண்டு. அந்தச் சிலேடை அவர்களுக்கே பிடித்தமானது.

இவ்வளவு காவலுக்கு நடுவில் பண்பாடு எப்படிக் கலந்தது என்று நீங்கள் கேட்கலாம். வணிக ஆதாயத்தில் ஒரு பகுதி வீட்டுக்காரர்களுக்கும் குடித்தனக்காரர்களுக்கும் வெள்ளியாகப் பங்கிடப்பட்டதால், கப்பல் வருவது ஊர் முழுவதற்குமான காரியமாக இருந்தது. 1634இல் தொடங்கிய சுவா கோயிலின் குஞ்சித் திருவிழாவில் தெருக்கள் முறைவைத்து ஆடும் ஆட்டங்களில் சீன டிராகனும் வரும், டச்சுக் கப்பலும் வரும். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற கஸ்தெரா கேக், கப்பலில் வந்த சர்க்கரையால் ஊரின் பலகாரமாகவே ஆனது. இனிப்புக் குறைந்த பண்டத்தைச் சுவைத்துவிட்டு ‘நாகசாகி தூரமாக இருக்கிறது’ என்று சொல்லும் வழக்கம் அங்கே உண்டு.

நமக்கும் இதில் சிறிய பங்கு இருக்கிறது. ரொட்டிக்கு ஜப்பானியர் சொல்லும் ‘பன்’, இலங்கைத் தமிழரின் ‘பாண்’ இரண்டும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் பிள்ளைகள். அவர்களுடைய ‘பொதன்’னும் நம் பொத்தானும் அப்படியே. சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக் கப்பல்களில் சென்ற கோடு போட்ட பருத்தித் துணியை அங்கே ‘சந்தொமே’ என்றார்கள். அது நம் மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயர்தான்.

இனி நீங்கள் சொன்ன குண்டு. கிறித்தவம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் ஊர் மக்களை ஆண்டுதோறும் இயேசு, மரியாள் உருவங்களை மிதிக்க வைத்துச் சோதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டில் ரகசியமாகச் செபித்தவர்கள் உரகாமி என்ற பகுதியில் ஏழு தலைமுறைகளாக இருந்தார்கள். 1865இல் புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா தேவாலயத்துக்கு வந்து, பிரெஞ்சுப் பாதிரியார் பெதிஜானிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். அதற்கு விலையாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடு கடத்தப்படுவதுபோல் தொலைதூர மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1873இல் தடை நீங்கித் திரும்பியவர்கள், தங்களை மிதிக்க வைத்த ஊர்த்தலைவர் வீட்டு மனையையே பிறகு வாங்கி, அதில் பெரிய தேவாலயம் ஒன்றை எழுப்பினார்கள். 1945 ஆகஸ்ட் 9 அன்று காலை 11.02க்குக் குண்டு வெடித்தது உரகாமியின் மேல். தேவாலயம் அங்கிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது.